கதவில் பூசிய எண்ணெய் காயவில்லையா? வழி இருக்கிறது

மர வேலைக்குப் பெயர் பெற்றது கள்ளக்குறிச்சி மாவட்டம். இங்குள்ள மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால், ரிஷிவந்தியம் பகுதி வீடுகளில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். ஆசையாகச் செய்து வைத்த நிலைக்கதவில் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். தெருப்புழுதியும், வெள்ளிக்கிழமை வைத்த மஞ்சள் குங்குமமும் சேர்ந்து கறுத்திருக்கும். காரணம், அளவுக்கு மீறிப் பூசிய எண்ணெய்.

மரம் குடித்த எண்ணெய் மட்டுமே மரத்தைக் காக்கும். மேலே தங்குவது அழுக்கைத்தான் பிடிக்கும்.

எந்த எண்ணெய்?

ஆளி விதை எண்ணெய் (கடையில் லின்சீட் ஆயில்) காற்றுப் பட்டால் இறுகிக் காயும். தடிமனாகப் பூசினால் மேலே ஆடை கட்டி, உள்ளே பசையாக நிற்கும். வேம்பு, புங்கன், கடலை எண்ணெய்கள் எத்தனை நாளானாலும் அப்படி இறுகாது. அவற்றின் மேல் வார்னிஷ் அடித்தாலும் பிடிக்காமல் உரியும்.

எடுப்பது எப்படி?

பூசி ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால், அதே எண்ணெயைச் சிறிது தடவி, பசை இளகியதும் பழைய பருத்தித் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். நாளாகிவிட்டால் டர்பன்டைன் நனைத்த துணியால் ஊறவிட்டு, பட்டி பிளேடால் மர ரேகை ஓடும் திசையிலேயே மெல்லச் சுரண்டலாம். செதுக்கு வேலை உள்ள இடத்துக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். வேம்பு, புங்கன் எண்ணெய் என்றால், டர்பன்டைனால் துடைத்தபின் காய்ந்த மரத்தூளைத் தேய்த்தால் மிச்சத்தையும் உறிஞ்சும். காஸ்டிக் சோடா வேண்டாம். மரம் கறுக்கும், கையும் புண்ணாகும்.

இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் தேய்க்கவும். உப்புத்தாளில் பசை அப்பிக்கொண்டால் மரம் இன்னும் காயவில்லை என்று பொருள், பொறுக்க வேண்டும்.

மறுபூச்சு

முதல் பூச்சுக்கு ஆளி விதை எண்ணெயும் டர்பன்டைனும் சம பங்கு. துணியால் மெல்லியதாகத் தடவி, 15 முதல் 20 நிமிடத்தில் மிஞ்சியதை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். குறைந்தது ஒரு நாள் விட்டு, கையில் ஒட்டாமல் காய்ந்த பின்பே அடுத்த பூச்சு. இரண்டு மூன்று பூச்சு போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய நாளாகும். தைக்குப் பிறகு செய்வது நல்லது. மண்வெட்டி, கடப்பாரைக் காம்புகளுக்கும் இதே முறைதான்.

துணியில் தீ!

ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். ஈரத்தோடு போர் போட்ட வைக்கோல் உள்ளே கொதிப்பது போல, சுருட்டி எறிந்த எண்ணெய்த் துணியும் சூடேறித் தானே தீப்பற்றும். தீக்குச்சியே தேவையில்லை. மாட்டுக்கொட்டகை ஓரமோ வைக்கோல் போர் அருகிலோ அதைப் போடவே கூடாது. வெட்டவெளியில் தனித்தனியாக விரித்துக் காயவைக்கவும்; அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமுக்கி மூடி வைக்கவும். டர்பன்டைனும் எளிதில் பற்றும் என்பதால், அடுப்பு, பீடி இல்லாத காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

கதவு பிசுபிசுத்தால் திரும்பச் சரிசெய்யலாம். கொட்டகை எரிந்தால் மாடு திரும்பாது.