பூனை மாடியிலிருந்து விழுந்தால்: முதல் அரை மணி நேரம்

இன்னைக்கு எபிசோட் அபார்ட்மெண்ட்ல பூனை வளர்க்கிறவங்களுக்கு. நாய் வளர்க்கிறவங்களும் கேளுங்க, பாதி விஷயம் உங்களுக்கும் பொருந்தும்.

மூணாவது மாடி பால்கனின்னு வெச்சுக்கோங்க. கைப்பிடிச் சுவர் மேல உட்கார்ந்து புறாவையே பார்த்துக்கிட்டிருந்த பூனை வழுக்கி விழுந்துடுச்சு. நீங்க பதறியடிச்சு கீழே ஓடுறீங்க. அது எழுந்து நாலு அடி நடந்து, ஒரு காருக்கு அடியில போய் உட்கார்ந்துக்குது. ரத்தம் இல்லை, சத்தம் இல்லை. வாட்ச்மேன் அண்ணா சொல்றார்: "பூனைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, அது நாலு கால்லதான் விழும்."

நாலு காலில் விழும் என்பது பெரும்பாலும் உண்மைதான். காற்றிலேயே உடம்பைத் திருப்பிக்கொள்ளும் திறமை பூனைக்கு உண்டு. ஆனால் கால் தரையைத் தொட்ட பிறகும் உடம்பின் வேகம் நிற்காது. நெஞ்சும் தாடையும் போய் மோதும். நியூயார்க்கில் ஒரு கால்நடை மருத்துவமனைக்கு, மாடியிலிருந்து விழுந்து வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. எல்லாரும் ஷேர் பண்றது இந்த எண்ணை மட்டும்தான். அதே ஆய்வில் 37 சதவீதப் பூனைகளுக்கு உயிர்காக்கும் அவசர சிகிச்சை தேவைப்பட்டிருக்கு. அதோட, விழுந்த இடத்திலேயே செத்துப்போன பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரமாட்டாங்க. அதெல்லாம் கணக்கிலேயே வராது.

பெரும்பாலும் அடி படுவது நெஞ்சில். நுரையீரலிலிருந்து கசியும் காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் சேர்ந்து, நுரையீரலை விரியவிடாமல் அமுக்கும். இது விழுந்த உடனேயும் நடக்கலாம், சில மணி நேரம் கழித்தும் நடக்கலாம். வெளியில் ஒரு கீறல்கூட இருக்காது. பூனையோட சுபாவம் வேற, வலிச்சா கத்தாது, ஒளிஞ்சுக்கும். அதனால கார் அடியில அமைதியா உட்கார்ந்திருக்கிற பூனைக்கு ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம் இல்லை.

முதல்ல தொடாதீங்க, பாருங்க. விலா ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்க. ஓய்வா இருக்கும் பூனை நிமிடத்துக்கு சுமார் 20 முதல் 30 தடவை மூச்சு விடும். விழுந்த பயத்தில் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் சில நிமிடம் கழித்தும் 40ஐத் தாண்டினால், வயிற்றை இழுத்து இழுத்து மூச்சு விட்டால், நாய் மாதிரி வாயைத் திறந்து இரைத்தால், அங்கே நின்னு யோசிக்கவே வேண்டாம். உடனே கிளம்பணும். ஈறு வெளுத்தோ நீலமாவோ தெரிஞ்சாலும் அப்படித்தான். ஈறைப் பார்க்கணும்னு வலுக்கட்டாயமா வாயைத் திறக்காதீங்க, தாடை உடைஞ்சிருக்கலாம்.

தூக்கும்போது ஒரு டவல். மேலே போர்த்தி, அடியில் கை கொடுத்து, முதுகு வளையாமல் மொத்தமா எடுக்கணும். கழுத்துப் பிடியைப் பிடிச்சுத் தொங்கவிடக் கூடாது. உங்க கையிலேயே வளர்ந்த பூனையா இருந்தாலும் வலியில் கடிக்கும், அது அதோட தப்பு இல்லை. கடிச்சிட்டா, காயத்தை சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிடம் கழுவிட்டு, பூனையைக் காட்டின கையோட நீங்களும் டாக்டரைப் பாருங்க. ரேபிஸ் ஊசி வேணுமான்னு அவர் சொல்லட்டும்.

கேரியர் இருந்தா, மேல் மூடியைக் கழற்றிட்டு உள்ளே இறக்குறது சுலபம். இல்லைன்னா ஆன்லைன் ஆர்டர் வந்த அட்டைப்பெட்டி போதும், காற்றுக்கு நாலு ஓட்டை போட்டுக்கோங்க. ஆட்டோவில் பூனை பெட்டிக்குள்ள இருக்கணும், பெட்டி உங்க மடியில. ஒரு ஹாரன் சத்தம் போதும், வெறும் மடியில இருக்கிற பூனை ரோட்டுல குதிச்சிடும்.

ரத்தம் வந்தா, சுத்தமான துணியை வெச்சு ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்க. நின்னுச்சான்னு நடுவுல எடுத்துப் பார்க்காதீங்க. துணி நனைஞ்சா அது மேலேயே இன்னொரு துணி. மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். டெட்டால் வேண்டவே வேண்டாம், பூனை நக்கும், அது அதுக்கு விஷம். கால் தொங்கினா ஸ்கேல் வெச்சுக் கட்டுற வேலையும் வேண்டாம். தண்ணி, பால் கொடுக்காதீங்க, மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

இப்போ முக்கியமான ஒண்ணு. வீட்டில் யாராவது ஒருத்தர் "வலிக்குதுல்ல, டோலோ பாதி கொடு" என்பார். பாராசிட்டமாலைப் பாதுகாப்பாக உடைத்து வெளியேற்றும் ஒரு என்சைம் மனிதர்களின் கல்லீரலில் இருக்கிறது; பூனைக்கு அது கிட்டத்தட்ட வேலையே செய்யாது. மருந்து விஷமாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஏற்கெனவே நெஞ்சில் அடிபட்டு மூச்சுக்குத் திணறும் பூனைக்கு இதையும் கொடுத்தால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஐபுப்ரோஃபனும் கூடாது. யாராவது ஏற்கெனவே கொடுத்துட்டா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்து இருக்கு, நேரம்தான் முக்கியம்.

எங்கே போறது? சென்னையில் இருந்தா பலருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. ஆனா சிறுசேரியில இருக்கிறவங்களுக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் மேல. உங்க ஏரியாவில் ராத்திரி 11 மணிக்கும் திறந்திருக்கும் கிளினிக் எதுன்னு இன்னைக்கே போன் பண்ணிக் கேட்டு நம்பரை சேவ் பண்ணுங்க. எக்ஸ்ரே இருக்கா, ஆக்சிஜன் இருக்கான்னும் கேளுங்க. கிளம்பும்போது "மூணாவது மாடி, சிமெண்ட் தரை, பத்து நிமிஷம் ஆச்சு, மூச்சு 50" என்று சொன்னால், நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க தயாரா இருப்பாங்க.

டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பினாலும், ஒரு நாள் சிறிய அறையில் வைத்து மூச்சையும் மணல் தட்டையும் கவனிங்க. சிறுநீரே போகலைன்னா மூத்திரப்பையில் அடி இருக்கலாம், திரும்பப் போகணும்.

கடைசியா, பால்கனிக்கு வலை. புறாவுக்குன்னு அடிக்கிற மெல்லிய நைலான் வலையைப் பூனை கடிச்சே ஓட்டை போட்டுடும். ஆள் வந்து மாட்டும்போது கம்பி வலையா கேளுங்க. கொசுவலை ஜன்னலையும் ஒரு தடவை தள்ளிப் பாருங்க. அதுல சாய்ஞ்சு தூங்குற பூனைக்கு அது சுவர் இல்லைன்னு தெரியாது.