மணலில் உறங்கும் ஒளி

திருவிழா நாள்களில் ஊருக்கே வெளிச்சம் தந்த பெட்ரோமாக்ஸ் விளக்கும், இன்று வீடுதோறும் ஒளிரும் எல்இடி விளக்கும் வெவ்வேறு காலத்தவை. வெவ்வேறு முறையில் ஒளி தருபவை. எனினும், இரண்டின் வெண்ணிற ஒளிக்கும் துணைநிற்கும் தனிமம் ஒன்றே. அதுவே சீரியம்.

பெயரும் உண்மையும்

லாந்தனைடுகள் பதினைந்துடன் ஸ்காண்டியம், யிட்ரியம் ஆகியவற்றையும் சேர்த்து, பதினேழு தனிமங்கள் அருமண் தனிமங்கள் எனப்படுகின்றன. பெயரைக் கொண்டு இவை புவியில் அரிதாகவே கிடைக்கும் எனக் கருதுதல் பொருந்தாது. புவி மேலோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவிற்கு உள்ளது. ஆயினும், அருமண் தனிமங்கள் வேதிப்பண்புகளில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் ஒரே கனிமத்தில் கலந்தே காணப்படுகின்றன. அவை கிடைப்பது அரிதன்று, பிரிப்பதே அரிது.

கண்டறிந்த வரலாறு

சுவீடன் நாட்டின் பாஸ்ட்நாஸ் சுரங்கத்தில் எடைமிகுந்த கனிமம் ஒன்று கிடைத்தது. ஹிசிங்கர் என்னும் பதினைந்து வயதுச் சிறுவர், அதனைப் புகழ்பெற்ற வேதியியலறிஞர் ஷீலேவுக்கு அனுப்பினார். ஷீலே அதில் புதிதாக எதனையும் காணவில்லை. ஆயினும், ஹிசிங்கர் அக்கனிமத்தை மறந்துவிடவில்லை. 1803ஆம் ஆண்டு, பெர்சீலியஸுடன் இணைந்து அதனை மீண்டும் ஆராய்ந்து, புதிய தனிமத்தின் ஆக்சைடு அதில் இருப்பதை உறுதிசெய்தார். அதே ஆண்டில் ஜெர்மனியின் கிளாப்ரோத்தும் தனியே ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார். 1801இல் கண்டறியப்பட்ட சீரிஸ் என்னும் குறுங்கோளின் பெயரால் இத்தனிமம் சீரியம் எனப்பட்டது.

அந்த ஆக்சைடும் தூய்மையானதன்று. 1839இல் மொசாண்டர் அதிலிருந்து மற்றொரு தனிமத்தைப் பிரித்து, 'மறைந்திருத்தல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் லாந்தனம் எனப் பெயரிட்டார். சீரியம் உலோகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1875இல்தான்.

பண்புகள்

சீரியத்தின் அணு எண் 58. இது கத்தியால் வெட்டக்கூடிய மென்மையுடைய, வெள்ளிபோன்ற உலோகம். காற்றுப்பட்டால் விரைவில் மங்கும். உரசினால் பொறி பறக்கும். பிற அருமண் தனிமங்கள் பெரும்பாலும் +3 ஆக்சிசனேற்ற நிலையிலேயே இருக்க, சீரியம் +4 நிலையையும் எளிதில் அடைகிறது. இதன் பயன்கள் பலவற்றுக்கு இப்பண்பே அடிப்படையாகும்.

கழிவு பயனான கதை

1891இல் ஆஸ்திரிய அறிஞர் ஆயர் வான் வெல்ஸ்பாக், 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடும் கலந்து விளக்கு வலையை உருவாக்கினார். அதற்கு வேண்டிய தோரியம், மோனசைட்டு மணலிலிருந்து கிடைத்தது. தோரியத்தைப் பிரித்தபின் சீரியம் முதலிய அருமண் தனிமங்கள் பெருமளவில் தேங்கின. பொறி பறக்கும் பண்பை அறிந்த வெல்ஸ்பாக், அவற்றை இரும்புடன் கலந்து, சிகரெட் லைட்டரில் பயன்படும் தீப்பொறிக் கல்லை 1903இல் உருவாக்கினார். கழிவெனக் கிடந்தது வணிகப் பொருளாயிற்று.

விளக்கு வலைகளின் தேவை பெருகியபோது மோனசைட்டைத் தேடும் முயற்சியும் பெருகியது. 1909இல் ஜெர்மானியரான ஷோம்பெர்க், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அதனைக் கண்டறிந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள அவ்வூரில், முன்பு இந்தியன் ரேர் எர்த்ஸ் எனப்பட்ட ஐஆர்இஎல் (இந்தியா) நிறுவனத்தின் மணல் ஆலை இயங்கி வருகிறது. காந்தத்தன்மை, மின்கடத்தும் தன்மை, அடர்த்தி ஆகியவற்றின் வேறுபாட்டைக் கொண்டு கனிமங்கள் அங்கே பிரிக்கப்படுகின்றன.

இன்றைய பயன்கள்

மூக்குக்கண்ணாடி வில்லைகளை மெருகூட்டச் சீரியம் ஆக்சைடு உதவுகிறது. ஊர்திகளின் புகைபோக்கியில் ஆக்சிசன் மிகும்போது அதனை ஏற்று, குறையும்போது வெளிவிட்டு, நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு கார்பன் டைஆக்சைடாக மாறத் துணைபுரிகிறது. எல்இடி விளக்கில் சீரியம் சேர்ந்த ஒளிர்பொருள், நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன.

பயனும் பொறுப்பும்

மோனசைட்டிலுள்ள தோரியம் கதிரியக்கமுடையது. எனவே, சீரியத்தைப் பெறுவதோடு பணி முடிவதில்லை. எஞ்சியதைப் பாதுகாப்பாக வைப்பதும், தோண்டிய கரையைச் சீர்செய்வதும், கரைவாழ் மக்களின் நலம் காப்பதும் அப்பணியின் பகுதிகளே. கழிவிலும் பயன் கண்ட அறிவியல், பயனால் விளையும் கழிவுக்கும் பொறுப்பேற்கும்போதே முழுமை பெறும்.