'ஸாரா': விளையாட்டிலும் போர்க்களத்திலும்

கணனித் திரையிலே கடற்போர் நடத்தும் இளைஞருக்கு 'ஸாரா' பழகிய பெயர். 2015ஆம் ஆண்டு வெளிவந்த 'வேர்ல்ட் ஒவ் வோர்ஷிப்ஸ்' விளையாட்டிலே அஃது ஓர் இத்தாலியக் கனரகக் குரூசர். அதற்கென அமைந்த ஒருவகைக் குண்டு மெல்லிய கவசத்தைத் துளைத்துப் பெருஞ்சேதம் விளைக்கும். ஆனால் தீ மூட்டாது. காத்திருந்து சுடத் தெரிந்தவனுக்கே ஏற்ற கப்பல். மூழ்கினாலும் அடுத்த ஆட்டத்துக்குத் துறைமுகத்திலே புதிதாக நிற்கும்.

உண்மையான ஸாரா 1931இல் இத்தாலியக் கடற்படையிற் சேர்ந்தது. பியூமே, போலா, கோரீசியா என்பன அதன் உடன்பிறப்புகள். முதலாம் உலக யுத்தத்தின் பின் இத்தாலி பெற்ற நகரங்களின் பெயர்களே இவை. கோரீசியா தவிர்ந்த மூன்றும் இன்று குரோசியாவில் உள்ளன. குரூசரின் நிறை 10,000 தொன்னுக்கு மேற்படலாகாது என்று 1922ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கை விதித்திருந்தது. முன்னைய குரூசர்களில் வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்த இத்தாலியர், ஸாராவின் பக்கங்களுக்கு 150 மில்லிமீற்றர் தடிப்பில் உருக்குப் போர்த்தினர். நிறை எல்லை கடந்தது. அதை அவர்கள் பறைசாற்றவில்லை!

203 மில்லிமீற்றர்ப் பீரங்கிகள் எட்டு. இரண்டிரண்டாக ஒரே தாங்கியில் நெருக்கி வைக்கப்பட்டமையால், சேர்ந்து புறப்பட்ட குண்டுகள் ஒன்றையொன்று குழப்பிச் சிதறின. அதனினும் பெருங்குறை, ராடார் இல்லாமை.

1941 மார்ச் 28ஆந் திகதி, கிரீசின் தென்முனையான மதப்பானுக்கு அப்பால், பிரித்தானிய விமானமொன்றின் டோர்ப்பிடோ பட்டுப் போலா அசைவற்று நின்றது. பகைவர் வெகு தொலைவில் உள்ளனர் என எண்ணிய தளபதி இயாக்கினோ, அதனை மீட்க ஸாராவையும் பியூமேயையும் நான்கு நாசகாரிக் கப்பல்களுடன் அனுப்பினார். தோழனைக் கைவிடாத அவ்வெண்ணத்தை யாவர் பழிப்பர்? ஆயினும் அக்கடற்படை இரவிலே பெரும்பீரங்கிகளாற் போரிடப் பயிலவில்லை. ஸாராவின் பீரங்கிகள் முன்னும் பின்னும் நோக்கி வாளாவிருந்தன.

இருளிலே வார்ஸ்பைற், வேலியன்ற், பார்ஹம் என்னும் மூன்று பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நெருங்கின. (இவற்றுள் வார்ஸ்பைற், 1942இல் இலங்கைக் கடலில் நின்ற கீழைக் கடற்படையின் தலைமைக் கப்பலாயிற்று.) வேலியன்றில் ராடார் இருந்தது. இரவு பத்தரை மணியளவில், நாசகாரியொன்றின் தேடொளி திடீரெனப் பியூமேமீது வீழ்ந்தது. ஏறக்குறைய 3,500 மீற்றர் தூரத்திலிருந்து 381 மில்லிமீற்றர்ப் பீரங்கிகள் முழங்கின. ஒவ்வொரு குண்டும் 870 கிலோகிராம் அளவு நிறையுடையது. 150 மில்லிமீற்றர் உருக்கு என்ன செய்யும்? சில நிமிடங்களில் இரு குரூசர்களும் தீப்பிழம்பாயின.

விடியுமுன் ஸாராவும் பியூமேயும், மீட்கச் சென்ற போலாவும், இரு நாசகாரிகளும் மூழ்கின. இறந்த இத்தாலியர் ஏறத்தாழ 2,300 பேர். ஸாராவிலிருந்து படைநடத்திய கத்தானேயோவும் அவர்களுள் ஒருவர். பிரித்தானியர் இழந்தது ஒரு விமானமும் அதிலிருந்த மூவருமே.

காலையில் பிரித்தானியர், தத்தளித்த நூற்றுக்கணக்கானோரைத் தூக்கியெடுத்தனர். ஜெர்மன் விமானங்கள் தோன்றவே விலக நேர்ந்தது. எஞ்சியோர் மிதக்கும் இடத்தைத் தளபதி கன்னிங்ஹம் வானொலி மூலம் இத்தாலியருக்கு அறிவித்தார். 'கிரதிஸ்கா' என்னும் இத்தாலிய வைத்தியசாலைக் கப்பல் அவ்விடந் தேடி வந்து, உயிரோடிருந்தோரை ஏற்றிச் சென்றது.