கொட்டகைக் கூரையைக் காப்பது டிரில்லிங் மெஷினின் கியர்

மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கம் தகர ஷீட் போட்ட மாட்டுக்கொட்டகை வைத்திருக்கிறீர்களா? வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை ஏணி போட்டு, ஷீட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். தலைக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷர் நசுங்கிக் கிழிந்திருந்தால், அது பெரும்பாலும் ஸ்க்ரூவின் குற்றம் அல்ல. முறுக்கியவர் டிரில்லிங் மெஷினைக் கையாண்ட விதம்தான் காரணம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்க்ரூ தளர்வாக இருந்தால் காற்றில் ஷீட் அதிர்ந்து ஓட்டை பெரிதாகும். அளவுக்கு மீறி முறுக்கினால் அந்த இடத்தில் ஷீட் குழிந்து தண்ணீர் தேங்கும். துத்தநாகப் பூச்சு உரிந்த இடத்தை எண்ணூர் தொடங்கி பழவேற்காடு வரை வீசும் உப்புக்காற்று விட்டுவைக்காது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரிலேயே கடல்நீர் புகுந்த கதை உங்களுக்குத் தெரியும், தகரம் எம்மாத்திரம்?

உங்கள் வயலுக்குத் தெற்கே எண்ணூரில் அசோக் லேலண்டு லாரியும் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட்டும் தயாராகி வந்தன. வண்டித் தொழிற்சாலையில் முக்கியமான போல்ட்டுகளை இவ்வளவு டார்க்கில்தான், அதாவது இவ்வளவு முறுக்குவிசையில்தான் இறுக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. கொட்டகை ஸ்க்ரூவுக்கும் கணக்கு அதுதான். நாம்தான் கண்டுகொள்வதில்லை.

டிராக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கடினமான மண்ணில் டாப் கியரில் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை மட்டும் குறைத்து உழ முடியுமா? இன்ஜின் முக்கி நின்றுவிடும். கியரை இறக்கினால் வேகம் குறைந்து இழுவை கூடும். பேட்டரி டிரில்லின் மேல்பக்கம் 1, 2 என்று எழுதிய பொத்தானும் அதேதான். கைவிரலால் அழுத்தும் டிரிகர் வெறும் ஆக்சிலரேட்டர். டிரிகரை லேசாக அழுத்தினால் வேகம் குறையும், ஆனால் இழுவை கூடாது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு. மோட்டார் தரும் வாட்டை நிமிடச் சுற்றால் வகுத்து 9.55-ஆல் பெருக்கினால் டார்க் நியூட்டன் மீட்டரில் கிடைக்கும். 300 வாட் வெளிவந்தால் 1,500 சுற்றில் சுமார் 1.9, கியரை இறக்கி 400 சுற்றுக்கு வந்தால் சுமார் 7.2. மோட்டார் அதேதான், முறுக்கு மட்டும் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே பெரிய ஓட்டைக்கும் தடித்த போல்ட்டுக்கும் 1-ஐப் போட்டு டிரிகரை முழுதாக அழுத்துங்கள். சின்ன பிட்டுக்கு 2. மெஷின் ஓடும்போது பொத்தானை நகர்த்தாதீர்கள், பல்சக்கரம் போய்விடும்.

கரண்டில் ஓடும் சாதாரண டிரில்லில் பெரும்பாலும் ஒரே கியர்தான். அதில் பெரிய பிட்டை மாட்டி, வேகத்தைக் குறைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்றாடியும் மெதுவாகிவிடும். காயில் சூடேறிக் கருகல் வாடை வரும். முதலில் சிறிய பிட்டால் ஓட்டை போட்டு, பிறகு அதைப் பெரிதாக்குவதே நல்லது.

சாதாரண இரும்புக்கு, எச்.எஸ்.எஸ். பிட்டில் 3 மி.மீ. என்றால் சுமார் 2,600 சுற்று, 6 மி.மீ. என்றால் 1,300, 10 மி.மீ. என்றால் 800 போதும். துருப்பிடிக்காத எஃகுக்கு இதில் பாதிக்கும் கீழே. சுருள் சுருளாகச் சீவல் வந்தால் வேகம் சரி. புகை வந்து முனை நீலமானால் தவறு.

சொட்டுநீருக்கு பி.வி.சி. துணைக்குழாயில் ஓட்டை போடும்போது வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி ஓரத்தில் பிசிறு ஒட்டும். ரப்பர் கிரோமெட் சரியாக உட்காராமல் கசியும். சீவல் உள்ளே விழுந்தால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். மெதுவாகத் துளைத்து, பிசிறை நீக்கி, பக்கவாட்டுக் குழாய்களை மாட்டும் முன் முனைமூடியைத் திறந்து தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சுத்தியல் படம் போட்ட நிலை சுவருக்கும் கான்கிரீட்டுக்கும் மட்டும்.

இனி கூரைக்கு வருவோம். மெஷினின் கழுத்தில் எண்கள் எழுதிய வளையம்தான் கிளட்ச். அந்த எண் நியூட்டன் மீட்டர் அல்ல, வெறும் படிநிலை. குறிப்பிட்ட முறுக்கு வந்ததும் 'டரடர' என்று நழுவி நின்றுவிடும். மீதமான ஷீட்டையும் இரும்புத் துண்டையும் சேர்த்து வைத்து, குறைந்த எண்ணில் தொடங்கி ஒவ்வொரு படியாகக் கூட்டிப் பாருங்கள். வாஷர் லேசாக அமுங்கி, தொப்பியின் விளிம்போடு நிற்கும் எண்தான் உங்களுக்குரியது. ரப்பர் வெளியே பிதுங்கினால் ஒரு படி குறையுங்கள். தட்டித் தட்டி முறுக்கும் இம்பாக்ட் டிரைவர் இந்த வேலைக்கு வேண்டாம். கண்ணிமைக்கும் நேரத்தில் வாஷரை நசுக்கிவிடும்.

டிரில் பிட் படம் உள்ள இடத்துக்கு வளையத்தைத் திருப்பினால் கிளட்ச் வேலை செய்யாது. கியர் 1-இல் பிட் சிக்கினால் மெஷின் சுழன்று மணிக்கட்டைத் திருகிவிடும். ஏணியில் நிற்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். பக்கவாட்டுக் கைப்பிடி இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.