புகுந்த நாட்டில் உண்மை உரைத்த பேராசிரியர்

மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை முடிச்சுகளைக் கட்டும் ரயில்வே குடும்பங்களுக்கு ஊர்விட்டு ஊர் போகும் துன்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நாட்டையே இழந்து, புகுந்த நாட்டில் புகழ் பெற்ற ஓர் அறிஞரின் வரலாறு இது.

ஹான்ஸ் மார்கெந்தாவ் 1904இல் ஜெர்மனியில் யூத மருத்துவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார், சட்டம் பயின்றார். 1933இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றியபோது அவர் ஜெனீவாவில் ஆசிரியர். தாயகம் திரும்பும் வழி அடைபட்டது. மாட்ரிட் சென்றார், 1936இல் அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. 1937இல் அமெரிக்கா சேர்ந்து, சிறு கல்லூரிகளில் உழைத்து, 1943இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

நாடுகள் எந்த இலட்சியத்தைப் பேசினும் அவற்றை இயக்குவது வலிமையும் தன்னலமுமே; ஆகவே அரசு தன் ஆற்றலை அளந்தே அடியெடுத்து வைக்கவேண்டும் என்பது 1948இல் வெளியான அவரது நூலின் சாரம். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதைப் பயின்றனர்.

அவர் வகுப்பறையோடு நின்றாரில்லை. வியட்நாம் போர் வெல்லமுடியாதது, தேவையற்றது என்று பத்திரிகைகளில் எழுதினார். 1965இல் அரசாங்க ஆலோசகர் பதவி பறிபோயிற்று. அவ்வாண்டு ஜூன் 21ஆம் தேதி, ஜனாதிபதியின் ஆலோசகர் பண்டியுடன் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதிட்டார்.

உப்பிட்ட நாட்டை எதிர்த்துப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். உப்பிட்டவன் பள்ளத்தை நோக்கி நடக்கையில் வாய்மூடி நிற்பதா நன்றி? 1975இல் போர் முடிந்த விதம் அவர் சொல்லை மெய்ப்பித்தது. 1980இல் அவர் நியூயார்க்கில் காலமானார்.

புகுந்த ஊரில் பணிவு வேண்டும், ஊமையாதல் வேண்டா. இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்போம்.