சமமாக்கப்பட்ட சுரங்கள்: ஜெபத்தோட்ட ஜெயகீதங்களும் கீபோர்டும்

மன்னார்குடிக்காரர்களிடம் இசையைப் பற்றிப் பேசுவது சிரமம். நாதஸ்வரம் சின்னப்பக்கிரியின் ஊர், கொன்னக்கோல் பக்கிரியா பிள்ளையின் ஊர் என்ற பெருமிதம் எல்லோர் பேச்சிலும் இருக்கும். பந்தலடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இசை தெரிந்த நண்பர் ஒருவர் பெர்க்மான்ஸ் பாடல்களைப் பற்றிச் சொன்னார்: 'அது பாட்டா சார்? பொட்டி தானா வாசிக்குது, இவங்க கை தட்டுறாங்க. அவ்வளவுதான்.' 'பொட்டி தானா வாசிக்குது' என்ற இந்தக் குற்றச்சாட்டைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

எஸ்.ஜே. பெர்க்மான்ஸ் ரோமன் கத்தோலிக்கக் குருவாக இருந்து, வெளியேறி, பெந்தெகொஸ்தே சாயல்கொண்ட ஊழியத்துக்குப் போனவர். ('ஃபாதர்' என்ற விளி மட்டும் சபை கடந்தும் ஒட்டிக்கொண்டது.) அவருடைய 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' தொண்ணூறுகளில் ஒலிநாடாக்களாகப் பரவின, தொகுதி எண் பின்னர் முப்பதைத் தாண்டிப் போயிற்று. தொடக்கத் தொகுதிகளின் குரலில் சாதகம் செய்த வித்துவானின் மிடுக்கு கிடையாது. வரியைச் சொல்லிக்கொடுக்கிற குரல் அது. சின்ன வரிகள், குறுகிய எல்லைக்குள் நடக்கும் மெட்டு. அடியில் கீபோர்டு.

பெட்டி என்ன செய்கிறது? 1983இல் மிடி என்ற பொது ஏற்பாடு வந்தது. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 'புன்னகை மன்னன்' (1986) படத்தில் இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். சபைகளுக்கு வந்ததோ இதன் மலிவான தம்பி. இடது கையால் ஒரு கார்டை அழுத்தினால் டிரம்ஸும் பேஸும் தாமாகவே நடக்கும். அதைவிட முக்கியம் டிரான்ஸ்போஸ் பட்டன். பாடுகிறவர் எந்தச் சுருதியில் எடுத்தாலும், வாசிக்கிறவர் தனக்குத் தெரிந்த ஒரே ஸ்கேலில் விரலை வைத்துக்கொள்ளலாம். ஆக, நண்பர் சொல்வது பாதி உண்மை. அடோர்னோ 1941இல் வெகுசன இசை பற்றி எழுதிய கட்டுரையை இங்கே கொண்டுவந்தால் மீதிப் பாதியையும் அவருக்கே கொடுத்துவிடலாம்: தரப்படுத்தப்பட்ட சரக்கு, கேட்பவனுக்குப் பதிலாகத் தானே கேட்டுக்கொள்ளும் இசை.

ஆனால் காவிரிக் கரையில் இந்த வாதம் இவ்வளவு சுலபமாக முடியாது. விசைப்பலகைமீது நமக்குள்ள கோபம் பழசு. சுரங்களுக்கு நடுவே வழுக்க முடியாது, கமகம் வராது என்பது ஆர்மோனியத்தின்மேல் இருந்த புகார். அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடைசெய்தது; 1971 வாக்கில்தான் தடை தளர்ந்தது. இதே தஞ்சாவூரில் கிறிஸ்தவரான ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகர'த்தில் (1917), ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சுரங்களாகவும் இருபத்துநான்கு சுருதிகளாகவும் சம அளவில் பிரிக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு வாதாடினார். சம இடைவெளி மேற்கிலிருந்து வந்த கெடுதல் என்பவர்கள் பண்டிதரை எங்கே வைப்பார்கள்?

போகவில்லை, கமகம்தான் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். அது சின்ன இழப்பு அல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளைத் தேர்ந்தவர்கள் பாடிக் கேட்டவர்களுக்கு இது தெரியும். ஆனால் அவற்றைத் தேர்ச்சியோடு பாடும் உரிமை யாரிடம் இருந்தது? ராகமும் பிடியும் கற்பதற்கு ஆசிரியர் வேண்டும், அவர் உன்னை வீட்டுக்குள் விடவும் வேண்டும். சாஸ்திரியார் வாழ்விலேயே இந்த முடிச்சு இருக்கிறது. 1820களில் தஞ்சையில் புதிய மிஷனரிகள் நற்கருணையில் சாதி பிரித்து உட்காருவதை எதிர்த்தார்கள். கூடவே அவருடைய பாடல்களையும் வழிபாட்டிலிருந்து ஒதுக்கினார்கள். சாஸ்திரியார் இரண்டையும் ஒரே அநீதிப் பட்டியலில் சேர்த்து முறையிட்டார். மிஷனரிகள் பாடல் விஷயத்தில் செய்தது பண்பாட்டு வன்முறை. சாதி விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நியாயம். நம் விமர்சகர்கள் முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

மரபின் அழகும் மரபின் வேலியும் ஒரே கையெழுத்தில் இருக்கும்போது, வேலியைத் தாண்டி வந்த இசையைக் கமகம் இல்லை என்று மட்டும் சொல்லித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஊருக்கு வெளியே கூரைக் கொட்டகைச் சபையில் வாசிக்கும் ஒரு பையனிடம் யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். 'யாருகிட்டயும் இல்ல சார், கேசட்ட போட்டுப் போட்டுக் கேட்டேன். அப்பாவோட பழைய கேசட்டு.' பாட்டு ஆசிரியரைத் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. தேய்ந்த நாடாவே ஆசிரியராயிற்று. வரிகள் குறுகலாக இருந்ததும் மெட்டு நாலு சுரத்துக்குள் நின்றதும் பாடத் தெரியாதவன் பாடுவதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. 'சரி சார், அந்தப் பையன் அஞ்சு வருஷம் கழிச்சு என்ன வாசிப்பான்? அதே நாலு கார்டா?' என்றார். பையனின் பெட்டியில் பிட்ச் பெண்ட் சக்கரம் ஒன்று இருக்கிறது. சுரத்தைக் கொஞ்சம் வளைக்கலாம். போனமுறை பார்த்தபோது, ஆராதனை முடிந்து எல்லோரும் போனபிறகு, அதைத் திருகித் திருகி ஏதோ நாதஸ்வரப் பிடியைத் தேடிக்கொண்டிருந்தான்.