வாசலில் ஒரு கிழங்குப் பாத்தி

நெசவாளர் இல்லங்களில் தறிகளைப் பார்வையிடவும், பயிர்க்கடன் பெற்றோரின் நிலங்களைக் காணவும் ஊர் ஊராகச் செல்லும் எனக்கு, வீட்டு முற்றங்களைக் கவனிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அநேகமாகத் துளசியும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இருக்கும். சில வீடுகளில் மாலை நேரத்தில் சம்பங்கி மணக்கும். “முதல் வருஷம் நன்றாகப் பூத்தது, இப்போது வெறும் இலைதான்” என்ற குறையையும் அவ்வீடுகளிலேயே கேட்டிருக்கிறேன். உரம் போதவில்லை என்றெண்ணிச் சாணத்தைக் கொட்டுவோர் பலர். ஆனால் காரணம் மண்ணுக்குள்ளே வேறாக இருக்கிறது.

சம்பங்கியின் தாயகம் மெக்ஸிகோ நாடு. மரத்தில் பூக்கும் சண்பகத்தோடு இதற்குப் பெயரளவில்தான் உறவு. ஆகவே நிலச்சம்பங்கி என்றும் வழங்குகிறோம். சத்தியமங்கலம் வட்டாரத்தில் இது ஏக்கர் கணக்கில் பயிராவதை அங்கத்தினர்கள் அறிவர். இச்செடியில் அறிய வேண்டுவது ஒன்றுண்டு: ஒருமுறை பூத்த கிழங்கு மறுமுறை பூப்பதில்லை. அதனைச் சுற்றித் தோன்றும் பக்கக் கிழங்குகளே அடுத்துப் பூப்பவை. இரண்டு மூன்று வருஷங்களில் அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மெலிந்துவிடுகின்றன. மெலிந்த கிழங்கு இலையை மட்டுமே தரும்.

ஆகையால் இலைகள் பழுக்கத் தொடங்கியதும் நீரை நிறுத்திக் குத்தினைத் தோண்டியெடுக்க வேண்டும். மண்ணை உதிர்த்துக் கிழங்குகளைப் பிரித்து, நிழலில் பரப்பி ஒரு மாத காலம் உறங்கவிடுக. ஈரக் கிழங்கைச் சாக்கில் கட்டி வைப்பது அழுகலை அழைப்பதாகும். பிறகு ஆனி, ஆடி மாதங்களில், 25 முதல் 30 கிராம் எடையுள்ள கதிர்வடிவக் கிழங்குகளைத் தெரிந்தெடுத்து, முனை மேல்நோக்க, ஓர் அங்குலம் மண் மூடும்படி நடலாம். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும், கிழங்குக்குக் கிழங்கு 8 அங்குலமும் இடைவெளி போதும். சுமார் மூன்று மாதங்களில் பூந்தண்டு எழும். சிறு கிழங்குகளை எறிந்துவிட வேண்டாம். ஓரத்தில் தனியே நட்டு வளர்த்தால் பின்னர் பயன்படும். வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் கண்டால் அது நூற்புழுவின் வேலை. அக்கிழங்கை அண்டை வீட்டுக்குக் கொடுத்து உபகாரம் செய்யலாகாது.

நெசவாளர்களுக்கு ஒரு வார்த்தை. சாயத் தொட்டியின் கழிவுநீரைப் பாத்தியில் ஊற்றுவதைச் சில இடங்களில் கண்டேன். அந்நீரிலுள்ள உப்பும் காரமும் கிழங்கைக் கெடுத்துவிடும். குளியலறை நீர் தேங்கும் மூலைக்குக் கல்வாழை ஏற்றது. சம்பங்கி அங்கே அழுகும். மழை லில்லிக்கோ எவ்வித உபசாரமும் வேண்டியதில்லை. வண்ணப் படத்தைக் காட்டி விற்கப்படும் டூலிப் கிழங்கை மட்டும் சமவெளியில் இருப்போர் வாங்க வேண்டாம். அது பூப்பதற்கு 12 வாரங்களுக்கு மேல் கடுங்குளிர் வேண்டும்.

இனிச் செங்காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களுள் முதலில் நிற்பது இதுவே. தமிழகத்தின் மாநில மலரும் இதுவே. இலை நுனியையே கைபோல் சுருட்டிப் பற்றி ஏறும் அழகும், பசுமஞ்சளாய் விரிந்து செந்தழலாய் மாறும் ஆறு இதழ்களும் காணத்தக்கவை. மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பகுதிகளில் இதனைக் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரில் விதைக்காகப் பயிரிடுகின்றனர். அவ்விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்ச்சிசின் மருந்துக்குப் பயன்படுகிறது. கிழங்கு கலப்பைபோல் இரு கிளையாக இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் உண்டு. அது ஒடிந்தால் அக்கிளை முளைக்காது. கிழங்கைப் படுக்கை வசமாக வைத்து 2, 3 அங்குலம் மண் மூடி, ஏறுவதற்கு விராலி மிலாறு நட்டால் போதும்.

ஆனால் மருந்தாகும் அப்பொருளே கொடிய நஞ்சு. செடி முழுவதிலும் அது உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. வேகவைத்தாலும் நீங்குவதில்லை. வள்ளிக்கிழங்கு என்று கருதி உண்டு இறந்தோர் தென்னாட்டிலும் இலங்கையிலும் உண்டு. சென்ற வருஷம் ஓர் அங்கத்தினர் இல்லத்தில், விதைக்கென எடுத்த காந்தள் கிழங்கும் சர்க்கரைவள்ளியும் பரணில் ஒரே கூடையில் கிடந்தன. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மருமகள் வெளியூரிலிருந்து வந்தவர். இரண்டையும் அலம்பி வைத்திருந்தார். கணக்குப் புத்தகம் எடுக்க உள்ளே சென்ற மாமியார் கண்டிராவிட்டால் என்ன நேர்ந்திருக்குமோ!

தவறி உண்டுவிட்டால் சில மணி நேரம் ஒன்றும் தோன்றாது. பிறகு வாந்தியும் பேதியும் காணும். வாந்தி நின்றதும் குணமாயிற்று என்று வீட்டில் இருத்திக்கொள்வது பெரும் பிழை; உள்ளுறுப்புகளின் கேடு அடுத்தடுத்த நாட்களிலேயே வெளிப்படும். கைவைத்தியத்தில் பொழுது போக்காமல், எஞ்சிய கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தவழும் குழந்தையும் அவிழ்த்துவிட்ட ஆடும் உள்ள வீட்டில் காந்தளை நடவேண்டாம் என்பதே என் கருத்து. நடுவோர் வேலிக்கு உட்புறமாக நட்டு, கிழங்கைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுக. தை, மாசியில் கொடி காய்ந்ததும் கிழங்கை மண்ணிலேயே உறங்கவிடலாம். தோண்டியே ஆக வேண்டுமெனில் சமையற்கட்டுக்கு வெளியே தனி இடம் தேவை. மேற்சொன்ன இல்லத்தில் இப்போது அதற்கென ஒரு பழைய தகர டின் வைத்திருக்கின்றனர். அதன்மேல் சிவப்புச் சாயத்தால் “விஷம்” என்று எழுதியவர் அந்த மருமகளேதான்.